ஒரே வாசலில் மூன்று பெயர்ப்பலகை

குடியிருப்போர் சங்கத்தின் போன பொதுக்குழுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன வார்த்தை இன்னும் அந்த அடுக்ககத்தில் உலவிக்கொண்டுதான் இருந்தது.

"எனக்கும் சரி, என் குடும்பத்துக்கும் சரி, அந்த லிஃப்ட் கம்பெனியோட எந்தச் சம்பந்தமும் கிடையாது. சந்தேகம் இருக்கறவங்க என் முகத்துக்கு நேரா கேளுங்க."

அதற்கு முன்பே நேராகக் கேட்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். நான்காம் மாடிக் கப்பல்காரர். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் பொருளாளர். "கமிட்டியில இருக்கற ஒவ்வொருத்தரும், வேலை எடுக்கிற கம்பெனியில தன்னோட சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு சொல்லிடணும். யார் மேலயும் குத்தம் சொல்லல, முறைக்காகக் கேட்கறேன்" என்றுதான் அவர் கேட்டார். அதற்குத்தான் அவள் அப்படிப் பொரிந்து தள்ளினாள். கூடம் முழுக்கக் கைதட்டல். அது அடங்குவதற்குள் கப்பல்காரர் பதவியை உதறிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

அந்த முழங்காலுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். அதற்குப் பிறகு அவர் அவள் அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவளை எல்லோரும் 'தலைவி' என்றே கூப்பிட்டார்கள். சங்கத்துக்கு முதல் முறையாக ஒரு பெண் தலைவர் வந்தபோது கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கீழ்த்தளத்தில் அவளுடைய பிசியோதெரபி அறை. அடுக்ககத்தில் பாதிப் பேர் கழுத்தையும் இடுப்பையும் அவள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்தவர்கள். முதுகெலும்பையே நம்பிக் கொடுத்தவர்களுக்குப் பராமரிப்புப் பணத்தை நம்பிக் கொடுப்பதா பெரிய விஷயம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடியும் பொதுக்குழு. முன்கட்டடத்தின் பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்ட அதே கம்பெனிக்கே பின்கட்டட வேலையையும் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

அன்று காலையில்தான் புது லிஃப்ட் திரும்பவும் நின்றது.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே தொங்கிய பெட்டிக்குள் பாட்டு டீச்சர் மாட்டிக்கொண்டார். காலங்காலமாகச் சாதகம் செய்த குரல் என்பதால் அவர் கத்தியது மொட்டைமாடி வரைக்கும் கேட்டது. காவலாளி கதவை நெம்பித் திறந்து, டீச்சரைக் கையைப் பிடித்து மேலே தூக்கினார். தூக்கிய வேகத்தில் டீச்சரின் மணிக்கட்டு பிசகிக்கொண்டது.

தலைவி தன் அறையில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டுவிட்டாள்.

"தலைவி, ஒண்ணு கேட்கட்டுமா? இது புது லிஃப்டுதானா?"

"ஏன் டீச்சர்?"

"நின்னப்ப உள்ள ஒரு சத்தம் வந்துச்சு. நம்ம பழைய லிஃப்ட் முனகுமே, அதே சுருதி. என் காது பொய் சொல்லாது."

தலைவி சிரித்தாள். "பயத்துல அப்படித்தான் கேட்கும்" என்றாள். ஆனால் கம்பெனிக்கு எத்தனை முறை போன் அடித்தும் யாரும் எடுக்காதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் நூறு பேர் அவளைத்தான் கேட்கப் போகிறார்கள். கம்பெனி ஆள் ஒருவரையாவது கையோடு கூட்டிக்கொண்டு வந்து மைக் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். கட்டடங்களுக்கு விலை மதிப்பிட்டுக் கொடுப்பது அவர் தொழில். லிஃப்ட் கம்பெனிகளை விசாரித்து, மூன்று பேரிடம் விலை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். 'உனக்கு எதுக்கு இந்த அலைச்சல், நான் பேசிக்கறேன்' என்று சொல்லி, ஒரு நாளும் அவளை அந்த அலுவலகத்துப் படியேற விட்டதில்லை. கட்டினால் இப்படி ஒரு மனுஷனைக் கட்டவேண்டும் என்று அவள் அப்போது பெருமைப்பட்டுக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"லிஃப்ட் கம்பெனிக்கு."

"ஞாயித்துக்கிழமை எவன் இருப்பான்? நான் நாளைக்குப் போய்ப் பார்க்கறேன்."

"நாளைக்குப் பார்த்து என்னங்க பண்றது? மீட்டிங் இன்னிக்குல்ல?"

"சொன்னா கேளு. வெயில்ல போய் வெறும் பூட்டைப் பார்த்துட்டு வரப் போறே."

சமையலறையிலிருந்து மாமியாரும் வெளியே வந்தார். மருமகள் எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர். இன்றைக்கு வாசலை மறைத்தாற்போல வந்து நின்று, "சாப்பிட்டுட்டுப் போயேம்மா, என்ன அவசரம்?" என்றார்.

ரெண்டு பேருக்கும் என்மேல் என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டே தலைவி படியிறங்கினாள்.

குளியலறைச் சாமான்கள் விற்கிற ஒரு கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டின் முடிவில் இருந்தது அந்த அலுவலகம். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பெயர்ப்பலகைகள்.

முதலாவது, அவள் தேடி வந்த கம்பெனி. இரண்டாவது பெயரையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஞாபகம் வந்தது. 'உங்கள் விலை கட்டுப்படியாகவில்லை, மன்னிக்கவும்' என்று அவளே எழுதித் திருப்பி அனுப்பிய கம்பெனி. மூன்றாவது, அதைவிடக் கூடுதலாகக் கேட்ட கம்பெனி.

போட்டி போட்ட மூன்று பேரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்களா என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த கதவைத் தேடித் திரும்பினாள். அடுத்த கதவே இல்லை.

தட்டாமல் உள்ளே போனாள்.

ஒரே அறை. ஒரே மேஜை. மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு, தேநீரில் பிஸ்கெட்டை முக்கிக்கொண்டிருந்தான் சின்னவன்.

சின்னவன் என்றால் அவளுடைய கொழுந்தன். கணவரின் ஒரே தம்பி. கடை வைத்து நொடித்துப்போய், இப்போது ஏதோ ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் வேலைக்குப் போவதாக அவளிடம் சொல்லியிருந்தவன். காய்ச்சலில் கிடந்தபோது அவள் ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்ட பிள்ளை. பாதி பிஸ்கெட் டம்ளருக்குள் விழுந்துவிட்டது.

"அண்ணி!"

"டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் இதுதானா?"

அவன் காலைக் கீழே இறக்கி, எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். நீல நிறச் சுழல் நாற்காலி. முதுகு சாய்கிற இடத்தில் ஒரு சின்ன மெத்தை, இரண்டு பட்டையால் இழுத்துக் கட்டியிருந்தது. கணவரின் இடுப்புவலிக்காக அவளே அளவெடுத்துத் தைத்த மெத்தை. 'நாற்காலி பழசாயிடுச்சு, ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துட்டேன்' என்று அவர் சொன்னபோது, மெத்தையைக் கழற்றிக்கொள்ளாமல் கொடுத்துவிட்டீர்களே என்றுகூட அவள் கோபித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் இங்க வந்து உட்கார்றாரா?"

"எப்பவாவது அண்ணி. கணக்குப் பார்க்க."

"அவரும் பங்குதாரரா?"

"அண்ணன்கிட்டயே கேளுங்களேன்."

"உன்னைத்தான் கேட்கறேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாதிக்குப் பாதி" என்றான்.

அங்கே உட்கார அந்த நாற்காலிதான் இருந்தது. அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்ப அந்த மூணு விலையும்?"

"இங்கதான் போட்டோம். மத்த ரெண்டு கம்பெனியும் சும்மா பேருக்கு ஆரம்பிச்சது. மூணு விலை இருந்தாத்தான் கமிட்டியில ஒத்துக்குவாங்கன்னு அண்ணன் சொன்னாரு."

"லிஃப்ட் புதுசுதானா?"

அவன் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"உள்ள மாட்டிக்கிட்ட அம்மாவுக்கு நான் கட்டுப் போட்டுட்டு வர்றேன் தம்பி. ஏதாவது ஆகியிருந்தா? சொல்லு, அந்த மோட்டார் புதுசா?"

"கதவு புதுசு அண்ணி. பட்டன் எல்லாம் புதுசு." மேஜைமேல் சிந்திய தேநீரைக் கையால் துடைத்தான். "மோட்டாருக்குப் பெயிண்ட் அடிச்சோம்."

டீச்சரின் காது பொய் சொல்லவில்லை.

"அத்தைக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கு மொதல்லேர்ந்தே தெரியும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அம்மாதான் சொன்னாங்க. உங்க மனசு சங்கடப்படுமேன்னு..."

எவ்வளவு அக்கறை! வாரம் தவறாமல் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். இவன் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கதையைச் சொல்வான். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். மாமியார் 'பாவம், பிள்ளை ரொம்ப அலையறான்' என்பார். பார்க்க ஒருத்தியை மட்டும் உட்காரவைத்து மூன்று பேர் நாடகம் போட்டிருக்கிறார்கள். அவளும் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்து, இன்னொரு கரண்டி பரிமாறியிருக்கிறாள்.

வீட்டில் சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. சின்னவன் போன் பண்ணிச் சொல்லிவிட்டான் என்பது இரண்டு முகங்களிலும் தெரிந்தது.

"உட்காரு, பேசுவோம்" என்றார் கணவர்.

"நின்னுக்கிட்டே கேட்கறேன்."

"அவன் இருந்த இருப்பை நீயும் பார்த்தேல்ல? 'அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கலை, ஏதாவது வழி பண்ணுங்க'ன்னு சொன்னது யாரு? நீதானே?"

"வழி பண்ணச் சொன்னேன். ஊர்ப் பணத்துல கைவைக்கச் சொல்லலை."

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாதே. எந்தச் சங்கத்துல இது நடக்கலை? கமிட்டியில இருக்கறவன் மச்சானுக்குப் பெயிண்டிங் வேலை, மாமனுக்குத் தண்ணி லாரி. தெரிஞ்சவனுக்குக் கொடுத்தா நாலு காசு நம்ம பக்கம் நிக்குதுன்னு எல்லாரும் செய்யறதுதான்."

"எல்லாரும் செய்யறதுன்னா ஏன் என்கிட்ட மட்டும் மறைச்சீங்க?"

அவர் குரலை இறக்கினார். சமாதானம் பேசும்போது அவருக்கு வருகிற குரல். "சாயங்காலம் ஒண்ணும் சொல்லாம மீட்டிங்கை முடிச்சிடு. பின்கட்டடத்து வேலையை வேற யாருக்காவது கொடுத்துடலாம். இந்த மோட்டாரையும் சத்தமில்லாம மாத்திடறேன். யாருக்கும் எதுவும் தெரியாது."

"கப்பல்காரர் அன்னைக்குக் கேட்டப்ப நான் மைக்குல என்ன சொன்னேன்? நீங்க பின்வரிசையில உட்கார்ந்திருந்தீங்க. எல்லாரோடவும் சேர்ந்து கைதட்டினீங்க. நான் பார்த்தேன்."

அவர் பக்கத்தில் கிடந்த செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மாமியார் குறுக்கே வந்தார். "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுபோகாதேம்மா. ரெண்டு பிள்ளைங்களையும் நாலு பேர் முன்னாடி நிறுத்திடாதே. நான் உன்னை மருமகளாவா நடத்தினேன்?"

"மகளா நடத்தியிருந்தா சொல்லியிருப்பீங்க அத்தை."

கேட்கவேண்டாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனாலும் அந்தக் கேள்வி வாய்க்கு வந்துவிட்டது.

"என்னைத் தலைவருக்கு நில்லு, நில்லுன்னு நச்சரிச்சீங்களே. உனக்கு இங்க நல்ல பேரு இருக்கு, உன்னை மாதிரி ஆள்தான் வேணும்னு. அது எதுக்கு? இதுக்குத்தானா?"

'சீ, என்ன பேச்சு இது' என்று அவர் உடனே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அந்த நிமிஷத்தில்கூட நம்பியிருப்பாள். அவர் செய்தித்தாளை எடுத்து மடித்தார். மடித்ததையே இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அப்படியெல்லாம் இல்லை" என்று அவர் சொன்னபோது, அவள் கதவைத் தாண்டியிருந்தாள்.

நான்காம் மாடிக்குப் படியேறிப் போனாள். கப்பல்காரர்தான் கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மூன்று பலகை, ஒரே அறை, பெயிண்ட் அடித்த மோட்டார், பாதிக்குப் பாதி.

அவர் துள்ளிக் குதிக்கவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்றும் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்று அவள் முடித்ததும்தான் வாயைத் திறந்தார்.

"இதை இங்க வந்து சொல்றீங்களேம்மா. என்னை அனுப்பினது அந்தக் கூடத்துல. எல்லாரும் கைதட்டி அனுப்பினாங்க. அங்க சொல்லுங்க."

"சொல்லத்தான் சார் போறேன். முதல்ல உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

"சொன்னா கூட்டம் உங்களைத்தான் முதல்ல கடிக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை. கூடத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். கணவர் வழக்கம்போலக் கடைசி வரிசையில் இருந்தார். தலைவி எழுதி வைத்திருந்த எதையும் படிக்கவில்லை. மைக்கைப் பிடித்து, போன தடவை தான் சொன்னது பொய் என்றாள். பொய் என்று தெரியாமல் சொன்னது, ஆனாலும் பொய் என்றாள். கம்பெனி தன் கொழுந்தனுடையது, பாதி தன் கணவருடையது, மோட்டார் பழையது, இந்த நிமிஷத்திலிருந்து யாரும் லிஃப்டில் ஏறவேண்டாம் என்று சொன்னாள். கப்பல்காரரிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். குரல் உடையவில்லை. அதுவே அவளுக்குப் பாதகமாகிவிட்டது.

"அழுத்தக்காரிதான்" என்றது ஒரு குரல்.

"இன்னிக்கு ஒருத்தங்க மாட்டிக்கிட்டதும் ஞானம் வந்துடுச்சாக்கும்" என்றது இன்னொன்று.

"வீட்டுக்காரர் கம்பெனி பொண்டாட்டிக்குத் தெரியாதாம். நம்ம காதுல பூ சுத்தறாங்க."

கையைத் தூக்க முடியாமல் வந்து, அவளிடம் குணமாகிப் போன தையல்கடைக்காரர் அந்தக் கையாலேயே அவளைச் சுட்டி, "எவ்வளவு சுருட்டினீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல!" என்றார். பாட்டு டீச்சர் தன் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள் மறுபடியும். "நம்பறது உங்க இஷ்டம். இதுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான். அங்க உட்கார்ந்திருக்கார்."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. கணவர் மெல்ல எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் அவர் கண்ணையே பார்த்தாள். இத்தனை வருஷ வாழ்க்கைக்கு ஒரே ஒரு வார்த்தை. 'அவளுக்குத் தெரியாது' என்று சொன்னால் போதும். மீதியையெல்லாம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"கோபப்படாதீங்க எல்லாரும்" என்று நிதானமாக ஆரம்பித்தார் அவர். "எங்க வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் கலந்து பேசாம எதுவும் நடக்கறதில்லை. சங்கத்துக்குக் கம்மி விலையில முடியணும்னு நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம். எங்கேயோ தப்பு நடந்துபோச்சு. சரி பண்ணிடறோம்."

செஞ்சோம் என்றார். செஞ்சேன் என்று சொல்லவில்லை.

கூடம் கொதித்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தூரத்தில் எங்கேயோ கேட்டது. மாட்டிக்கொண்டவர் தனியாக மாட்டிக்கொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான் விஷயம். அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டால், திருட்டு ஒரு தம்பதியின் அசட்டுத்தனமாகிவிடும். எவ்வளவு துல்லியமாக மதிப்புப் போட்டிருக்கிறார்! உட்காரும்போது அவளைப் பார்த்து லேசாகத் தலையைக்கூட ஆட்டினார், எல்லாம் நான் பார்த்துக்கறேன் என்பதுபோல.

கப்பல்காரர் எழுந்து முன்னால் வந்தார். கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

"கத்தி என்ன பிரயோஜனம்? போலீசுல புகார் கொடுப்போம். கணக்கு பூராவையும் வெளியாளை வச்சுத் தணிக்கை பண்ணுவோம். புகார்ல தலைவர் கையெழுத்துப் போடணும், அதான் நம்ம சங்கத்து விதி." அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி பேருல மட்டும் கொடுக்கறதாம்மா, இல்ல..."

அவர் முடிக்கவில்லை.

"கம்பெனி பேரு, என் கொழுந்தன் பேரு, என் வீட்டுக்காரர் பேரு" என்றாள் அவள். "மூணையும் எழுதுங்க."

"அப்ப உங்க பேரு?" என்று சுவரோரத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"என் பேரையும் எழுதிக்குங்க. லிஃப்ட் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட கை என்னுதுதானே? எனக்குத் தெரியுமா தெரியாதான்னு விசாரிச்சுச் சொல்லட்டும்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது கணவர் அங்கே இல்லை.

கையெழுத்துகள் முடிந்து அவள் வீட்டுக்குப் படியேறும்போது பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை. பகலில் தாழ்ப்பாள் போடுகிற பழக்கமே இல்லாத வீடு. கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு விலகியது, கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள்.

மணியை அடித்தாள். செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. பார்க்கிற துளை இருண்டு, மறுபடியும் வெளுத்தது. உள்ளே இருப்பவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"யாரு?" என்று கேட்டார் மாமியார்.